ராய்ஸ் கிரேசி கேஸ்: ஜெயிச்சது மட்டும் இல்ல, தோத்ததும் சேர்த்துதான் கணக்கு

ஆரம்ப கால எம்எம்ஏல, அதாவது குத்து, உதை, மல்யுத்தம்னு எல்லாக் கலையும் கலந்து போடற சண்டை விளையாட்டுல, யாரு பெரிய ஆளுன்னு கேட்டா ஆளுக்கொரு பேரு வரும். கென் ஷாம்ராக்னு ஒரு கூட்டம் சொல்லும், பாஸ் ருட்டன்னு ஒரு கூட்டம் சொல்லும், ஜப்பான் ஃபைட்ஸ் பாத்து வளந்தவங்க சகுராபா தவிர வேற பேரையே எடுக்க மாட்டாங்க. எனக்கு இதுல கொஞ்சமும் சந்தேகம் இல்ல, ராய்ஸ் கிரேசிதான். ஆனா ஒல்லியா ஒரு ஆளு வந்து பெரிய பெரிய ஆளுங்கள ஜெயிச்சாருன்னு வழக்கமா ஒரு காரணம் சொல்வாங்க பாருங்க, அதோட நிறுத்தினா பாதி கேஸ்தான் பேசின மாதிரி ஆகும், மீதி பாதி அவரு திணறின ஃபைட்லயும் தோத்த ஃபைட்லயும் கிடக்கு, அதை யாரும் எடுத்து பேசறதே இல்லங்கறது என் ஆதங்கம்.

முன்னோடின்னு ஒருத்தர சொல்றதுக்கு நான் வச்சுக்கிற அளவு இதுதான். அவரு வர்றதுக்கு முன்னாடி ஒரு ஃபைட்டர் எதை தெரிஞ்சுக்காம காலம் தள்ள முடிஞ்சுது, அவரு வந்ததுக்கு அப்பறம் எதை தெரிஞ்சுக்காம கூண்டுக்குள்ள காலே வைக்க முடியாம போச்சு? இந்த அளவுல பாத்தா அவரோட வெற்றி எவ்வளவு முக்கியமோ அவரை எப்படி தோக்கடிச்சாங்கங்கறதும் அவ்வளவே முக்கியம், ஏன்னா அவரை தோக்கடிச்சவங்க எல்லாரும் அவரு கொண்டு வந்த பாடத்தைப் படிச்சுட்டு வந்தவங்க.

முதல்ல வீட்டுக் கதையை சுருக்கமா சொல்லிடறேன். ஜப்பான்ல கோடோகன்ல ஜூடோ கத்துக்கிட்ட மிட்சுயோ மயேடா ஊர் ஊரா சுத்தி சண்டை போட்டுட்டு 1914ல பிரேசில் வந்து சேந்தாரு, பெலெம்ங்கற ஊர்ல கார்லோஸ் கிரேசிங்கற பையன் அவர்கிட்ட கத்துக்கிட்டான், அந்த கார்லோஸ் 1925ல ரியோ டி ஜெனிரோல பள்ளி ஆரம்பிச்சாரு. அவரோட தம்பி ஹெலியோ ஒல்லியான உடம்பு, பலத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, அதனால கீழ படுத்து, எதிராளியோட எடையையும் பொறுமையின்மையையும் அவனுக்கு எதிராவே திருப்பற மாதிரி அந்த கலையை கொஞ்சம் கொஞ்சமா மாத்துனாரு, பிரேசிலியன் ஜியு-ஜிட்சுன்னு சொல்றது இதைத்தான். சவால் விட்டு சண்டை போடறது அந்த வீட்டுப் பழக்கம். 1951ல ஜூடோவோட பெரிய சாம்பியன் மசாஹிகோ கிமுராவோட ரியோல ஹெலியோ மோதினாரு, கிமுரா கையை முதுகுப் பக்கம் முறுக்கி உடைச்சும் ஹெலியோ விட்டுக்குடுக்கல, கடைசில கார்லோஸ்தான் டவல் வீசி நிறுத்தினாரு. அந்த பிடிக்கு கிமுரான்னே பேரு நின்னுடுச்சு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, அம்பது வருஷம் கழிச்சு இதே பிடி இந்த குடும்பத்தைத் தேடி வரும்.

ஹெலியோவோட மூத்த மகன் ரோரியன் அமெரிக்கா போயி கலிஃபோர்னியால வீட்டு கராஜ்ல பாய் விரிச்சு சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சாரு. 1966 டிசம்பர்ல பிறந்த தம்பி ராய்ஸ் 17 வயசுல அண்ணன் வீட்டுக்கு வந்து குழந்தைகளை பாத்துக்கிட்டு க்ளாஸ்லயும் உதவியா நின்னாரு. அப்பறம் டாரன்ஸ்ல ஒரு அகாடமி. மத்த கலைக்காரங்களுக்கு சவால் விட்டு போட்ட சண்டைகளை வீடியோ கேசட்டா வித்தாங்க, அதைப் பாத்து ஆர்ட் டேவிங்கற விளம்பரத் துறைக்காரர் ரோரியன்கூட சேந்தாரு, டிவி பக்கம் எஸ்இஜின்னு ஒரு பே பெர் வியூ கம்பெனி, அதாவது ஒரு நிகழ்ச்சிக்குன்னு தனியா காசு கட்டி பாக்கற டிவி கம்பெனி, உள்ள வந்துச்சு. எல்லாக் கலைக்காரங்களும் கூண்டுக்குள்ள மோதற யூஎஃப்சிங்கற போட்டி இப்படித்தான் பொறந்துச்சு.

டென்வர், 1993 நவம்பர் 12

மெக்நிகோல்ஸ் அரீனா, எட்டுப் பேரு, ஒரே ராத்திரி, ஜெயிக்கிறவருக்கு 50,000 டாலர். கடிக்கக் கூடாது, கண்ணுல குத்தக் கூடாது, அதைத் தாண்டி பெருசா தடை இல்ல. எடைப் பிரிவு இல்ல, கையுறை கட்டாயம் இல்ல, ஜட்ஜும் இல்ல. முதல் சண்டையே டெய்லா டூலிங்கற 180 கிலோவுக்கு மேல உள்ள சுமோ ஆளும் ஜெரார்ட் கோர்டோங்கற நெதர்லாந்து கிக்பாக்ஸரும். 26 செகண்டு. டூலி தடுமாறி உக்காந்ததும் கோர்டோ விட்ட உதைல பல்லு பறந்து கூட்டத்துப் பக்கம் போச்சு. அந்த ராத்திரி டிவில பாத்த யாருக்கும் அடுத்து வர்ற எல்லாமே இப்படித்தான் இருக்கும்னுதான் தோணியிருக்கும்.

அதுக்கு அப்பறம் வெள்ளை ஜூடோ டிரெஸ்ல 80 கிலோவை ஒட்டி ஒரு ஆளு, அண்ணன் தம்பிங்க தோள்ல கை போட்டு ரயில் மாதிரி வரிசையா நடந்து வர அவங்களோட உள்ள வர்றாரு. குடும்பத்துலயே திறமையான ஆளுன்னு எல்லாரும் சொன்னது ரிக்ஸனைத்தான், ஆனா ரோரியன் ராய்ஸை தேர்ந்தெடுத்தாரு. முறுக்கின உடம்போட ரிக்ஸன் ஜெயிச்சா உடம்பு ஜெயிச்சுதுன்னு சொல்லிடுவாங்க, இந்த ஒல்லி ஆளு ஜெயிச்சா கலை ஜெயிச்சுதுன்னுதான் சொல்லணும். விளம்பரக் கணக்குதான், அதை மறைக்க வேண்டியதில்ல, ஆனா அந்த கணக்கோட முழு பாரமும் ராய்ஸோட தோள்லதான இறங்குச்சு.

முதல் எதிராளி ஆர்ட் ஜிம்மர்சன், நிஜமான தொழில்முறை பாக்ஸர், ஒரு கைல மட்டும் கையுறை மாட்டிட்டு வந்தாரு. ராய்ஸ் தூரத்துல நின்னு முழங்காலைப் பாத்து உதைச்சு உதைச்சு கணக்கு பாத்துட்டு திடீர்னு உள்ள புகுந்து இடுப்பைக் கட்டி கீழ தள்ளி நெஞ்சு மேல ஏறி உக்காந்துட்டாரு. ஒரு அடி கூட சரியா விழல, ஜிம்மர்சன் தரையைத் தட்டிட்டாரு, தட்டினா தோல்வியை ஒத்துக்கிட்டதா அர்த்தம். 2 நிமிஷம் 18 செகண்டு. நிறைய பேரு இதைப் பாத்து சிரிக்கறாங்க, எனக்கு இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. அந்த ஆளு தப்பா ஒண்ணும் பண்ணல, அவருக்கு அந்த இடத்துல என்ன பண்ணணும்னு வாழ்க்கைல யாருமே சொல்லிக் குடுத்ததில்ல, மேல ஒருத்தன் உக்காந்ததும் தன்னோட மொத்த ஆயுதமும் செத்துப் போச்சுன்னு ஒரு பாக்ஸருக்குப் புரிஞ்ச நிமிஷம் அது.

செமி ஃபைனல்ல கென் ஷாம்ராக். இதுதான் அந்த ராத்திரியோட சரியான சோதனை, ஏன்னா எட்டுப் பேருல தரைல என்ன நடக்கும்னு தெரிஞ்ச இன்னொரு ஆளு அவருதான், 4 நாள் முன்னாடிதான் ஜப்பான்ல பான்க்ரேஸ்ங்கற போட்டில ஒரு ஃபைட் முடிச்சுட்டு வந்திருந்தாரு, அன்னைக்கு முதல் ரவுண்டுலயும் பேட்ரிக் ஸ்மித்தோட குதிகாலை முறுக்கி ஜெயிச்சிருந்தாரு. அதே மாதிரி ராய்ஸ் காலைப் பிடிச்சு பின்னாடி சாஞ்சாரு, ராய்ஸ் அவரோடவே கூட வந்து மேல ஏறி, முதுகுப் பக்கம் போயி, டிரெஸ்ஸோட கையையும் சேத்து கழுத்துல போட்டு இறுக்கிட்டாரு. 57 செகண்டு. கென் தட்டினதை ரெஃப்ரி கவனிக்கல, சண்டையைத் தொடரச் சொன்னாரு, ராய்ஸ் நீ தட்டினியேன்னு கேக்க கென் ஆமான்னு ஒத்துக்கிட்டாரு. ஃபைனல்ல கோர்டோ ராய்ஸோட காதைக் கடிச்சாரு, ராய்ஸ் பின்கழுத்துப் பிடியை கோர்டோ தட்டினதுக்கு அப்பறமும் கொஞ்சம் கூட நேரம் பிடிச்சு வச்சுட்டு விட்டாரு. 1 நிமிஷம் 44 செகண்டு. மூணு ஃபைட்டையும் கூட்டினா 5 நிமிஷம் கூட வரல, ராய்ஸ் மேல பெருசா ஒரு அடி விழல, அவரும் யாரையும் ரத்தம் வர அடிக்கல. ஆரம்பத்துல பல்லு பறந்த அதே மேடைல, கடைசில ஜெயிச்சவன் யாரையும் காயப்படுத்தாம ஜெயிச்சான்.

1994 மார்ச்ல ரெண்டாவது போட்டி, இந்த தடவை 16 பேரு, ஜெயிக்க நாலு ஃபைட் போடணும். இச்சிஹாரா, டெலூசியா, பார்டோல், பேட்ரிக் ஸ்மித். நாலும் சேத்து 9 நிமிஷம் சொச்சம். இதை வேகமா தாண்டிப் போறேன், ஏன்னா இதுல புதுசா கத்துக்க ஒண்ணும் இல்ல, எதிராளிங்க இன்னும் பாடத்தைத் திறக்கவே இல்ல.

மூணாவது போட்டி வேற. 1994 செப்டம்பர், வட கரோலினால ஷார்லட். முதுகுல பெரிய மரச் சிலுவையைத் தூக்கிட்டு வந்த கீமோ லியோபோல்டோ, 100 கிலோவுக்கு மேல, இரும்பு மாதிரி உடம்பு. டெக்னிக் பெருசா இல்ல, ஆனா பலம் பயங்கரம், ஒரு கட்டத்துல ராய்ஸோட முதுகுக்கே போயிட்டாரு. ராய்ஸ் அவரு குடுமியைப் பிடிச்சு இழுத்து, அடி வாங்கி, திருப்பிக் குடுத்து, கடைசில 4 நிமிஷம் 40 செகண்டுல கை மூட்டை நீட்டி முறிக்கிற ஆர்ம்பார்ல தட்ட வச்சாரு. ஆனா எழுந்து நடக்கவே ரெண்டு பேரு தாங்க வேண்டி இருந்துச்சு. அடுத்த ஃபைட்டுக்கு கூண்டு வரைக்கும் வந்தாரு, எதிர்ல ஹெரால்ட் ஹோவர்ட் தயாரா நிக்கறாரு, ராய்ஸ் பக்கம் டவல் விழுந்துடுச்சு. கலை இருந்தா எடை முக்கியமே இல்லன்னு குடும்பம் சொன்னதுல ஒரு ஓட்டை இருக்குன்னு அன்னைக்கே தெரிஞ்சுடுச்சு. ஃபைட்டை ஜெயிக்கலாம், ஆனா அதுக்கு விலை உண்டு, ஒரே ராத்திரில அந்த விலையை ரெண்டு தடவை குடுக்க முடியாது.

டல்சா, 15 நிமிஷம் 49 செகண்டு

என்னைக் கேட்டா ராய்ஸ் கிரேசி யாருன்னு காட்ட ஒரே ஒரு ஃபைட்தான் வேணும், அது டென்வர் இல்ல, 1994 டிசம்பர் 16, ஓக்லஹோமால டல்சா, நாலாவது யூஎஃப்சி ஃபைனல், எதிர்ல டான் செவர்ன். அதுக்கு முன்னாடி அதே ராத்திரில 51 வயசு ரான் வான் க்ளீஃபையும் கீத் ஹேக்னியையும் தாண்டி வந்திருந்தாரு ராய்ஸ். செவர்ன் அசல் மல்யுத்தக்காரர், 110 கிலோவுக்கு மேல, முதல் ஃபைட்ல ஆன்டனி மசியாஸை பின்னாலேர்ந்து கட்டிப்பிடிச்சு தலைக்கு மேல தூக்கி ரெண்டு தடவை வீசினதைப் பாத்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. கீழ தள்ளறதுதான் ராய்ஸோட ஆயுதம்னா, அந்த வேலையை உலகத் தரத்துல பண்ற ஆளு இப்போ எதிர்ல நிக்கறாரு.

நினைச்ச மாதிரியே ஆச்சு. செவர்ன் ராய்ஸைத் தூக்கி கீழ போட்டு வேலி ஓரம் அமுக்கிட்டாரு. 10 நிமிஷத்துக்கு மேல ராய்ஸ் மல்லாக்கக் கிடக்கறாரு, மேல அவரைவிட 30 கிலோவுக்கு மேல கூடுதலா ஒரு ஆளு. அரங்கத்துல இருந்தவங்களுக்கும் டிவில பாத்தவங்களுக்கும் இது தோல்வியாத்தான் தெரிஞ்சுது, மல்யுத்தத்துல முதுகு தரைல பட்டா முடிஞ்சுது, தெரு சண்டைலயும் அப்படித்தான, கீழ கிடக்கறவன் தோக்கறவன். செவர்னுக்கும் அப்படித்தான் தோணியிருக்கணும். ஆனா மேல இருந்துக்கிட்டு அடுத்து என்ன பண்றதுன்னு அவருக்குத் தெரியல. ஜெயிச்சாச்சு, ஆனா ஃபைட் முடியல. குத்த தயங்கினாரு, தள்ளினாரு, அமுக்கினாரு, முழங்கையால தேய்ச்சாரு, நீச்சல் தெரியாதவன் கரைலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா விலகிப் போற மாதிரி நேரம் ஆக ஆக ஆழத்துக்குப் போயிட்டே இருந்தாரு.

கீழ ராய்ஸ் என்ன பண்ணிட்டு இருந்தாருங்கறதுதான் விஷயம். அவரோட ரெண்டு காலும் ஒரு நிமிஷம் கூட சும்மா இல்ல. பாதத்தை செவர்ன் இடுப்புல வச்சு தூரத்தைக் கட்டுப்படுத்தறாரு, முழங்காலை நடுவுல குடுத்து எடை முழுசா நெஞ்சுல இறங்காம பாத்துக்கறாரு, குதிகாலால விலாவுல தட்டிட்டே இருக்காரு, வலிக்கிறதுக்காக இல்ல, எதிராளி அசையணும்ங்கறதுக்காக. அசைஞ்சாத்தான் இடைவெளி வரும். செவர்னோட ஒரு கை உள்ள, ஒரு கை வெளியன்னு வந்த நேரத்துல காலை மெதுவா தோளுக்கு மேல ஏத்தி கழுத்தைச் சுத்தி, இன்னொரு முழங்கால் மடிப்புல அந்தக் கணுக்காலைப் பூட்டிட்டாரு. இதுக்குப் பேரு ட்ரையாங்கிள். கழுத்தோட ஒரு பக்க ரத்தக் குழாயை ராய்ஸோட தொடை அழுத்துது, இன்னொரு பக்கத்தை செவர்னோட சொந்தத் தோளே அழுத்துது, மூச்சு முட்டறதை விட மூளைக்கு ரத்தம் போகாம இருக்கறதுதான் இதுல ஆபத்து, சரியா பூட்டினா சில செகண்டுல மயக்கம். செவர்ன் பலத்தால தூக்கிப் பாத்தாரு, முன்னாடி அமுக்கிப் பாத்தாரு, தெரியாத பூட்டை பலம் திறக்காதே. 15 நிமிஷம் 49 செகண்டுல தட்டினாரு.

இதுல கொடுமை என்னன்னா பே பெர் வியூக்கு வாங்கியிருந்த நேரம் முடிஞ்சு போயி நிறைய வீட்டுல கடைசி காட்சி வராமயே படம் நின்னுடுச்சு. காசு குடுத்து பாத்தவங்களுக்கு, ஒரு பெரிய ஆளுக்கு அடில ராய்ஸ் நசுங்கிட்டு இருக்கறதோட கதை நின்னு போச்சு.

கீழ கிடக்கறவன்தான் தாக்கறவன்ங்கற எண்ணம் அமெரிக்க மக்களுக்கு அன்னைக்கு வரைக்கும் கிடையாது. ஜூடோல இருந்துச்சு, பிரேசில்ல பெருசா விதி இல்லாம நடக்கற வாலே டூடோ சண்டைல இருந்துச்சு, ஜப்பான்ல ஷூட்டோங்கற போட்டில இருந்துச்சு, ஆனா இவ்வளவு பெரிய எடை வித்தியாசத்துல, இவ்வளவு நேரம், தப்பிக்க வழியில்லாத இடத்துலேர்ந்து இவ்வளவு பொறுமையா செஞ்சு காட்டினது இங்கதான். முதல் மூணு போட்டில ராய்ஸ் ஜெயிச்சது எதிராளிங்களோட அறியாமைனால வந்ததுன்னு சொன்னா ஓரளவுக்கு ஒத்துக்குவேன். டல்சால ஜெயிச்சது அவரோட கலை.

முதல் போட்டிலேர்ந்து இது வரைக்கும் 11 ஃபைட், பதினொண்ணும் எதிராளி விட்டுக்குடுத்து முடிஞ்சுது. 1995 ஏப்ரல்ல கென் ஷாம்ராக்கோட மறுபடி. இந்த தடவை நேர வரம்பு வந்தாச்சு. கென் படிச்சுட்டு வந்துட்டாரு, ராய்ஸோட கால்களுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு எந்த ரிஸ்க்கும் எடுக்காம அவரோட எல்லா வழியையும் அடைச்சுட்டாரு. கூடுதல் நேரமும் சேத்து 36 நிமிஷம், ஜட்ஜ் இல்லாததால டிரா. பாக்க போர்தான், மறுக்கல, ஆனா ஆய்வுக்கு இது தங்கம், ஏன்னா ராய்ஸுக்கு முதல் முறையா ஒருத்தர் சரியான விடை எழுதிட்டு வந்த நாள் இது. அதோட ரோரியனும் டேவியும் யூஎஃப்சிலேர்ந்து விலகினாங்க, ராய்ஸும் விலகினாரு. 1996ல செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை மனுஷங்களை வச்சு நடத்தற சேவல் சண்டைன்னு சொல்லி மாநில கவர்னர்களுக்கு எல்லாம் கடிதம் எழுத, கேபிள் கம்பெனிங்க கைவிட, விளையாட்டே சாகற நிலைமைக்குப் போச்சு, அது தனிக் கதை.

அவரு போனதுக்கு அப்பறம் கூண்டுல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. மார்க் கோல்மன் மாதிரி மல்யுத்தக்காரங்க வந்து, செவர்ன் தயங்கின அதே இடத்துலேர்ந்து தலையால முட்டி கையால குத்தி ஜெயிச்சாங்க, அதாவது மேல இருக்கறவனுக்கு வேலை என்னன்னு ஒரு பதில் கிடைச்சுது. அப்பறம் 1997 ஜூலை, அலபாமால பர்மிங்காம், கோல்மனுக்கு எதிரா மாரிஸ் ஸ்மித், அசல் கிக்பாக்ஸர். யாரும் அவருக்கு வாய்ப்பே குடுக்கல. கோல்மன் வழக்கம் போல கீழ தள்ளி மேல ஏறினாரு, ஆனா ஸ்மித் பயப்படல, கால்களால கட்டி, கையை மடக்கிப் பிடிச்சு, அடியைக் குறைச்சு, கோல்மனுக்கு மூச்சு வாங்கற வரைக்கும் காத்திருந்து, எழுந்து நின்னு உதைச்சே ஜெயிச்சாரு. 21 நிமிஷம், ஜட்ஜ் முடிவு. நாலு வருஷம் முன்னாடி ஒரு பாக்ஸர் மேல ஆளு உக்காந்ததும் தரையைத் தட்டினாரு, இப்போ ஒரு கிக்பாக்ஸர் மல்லாக்கக் கிடந்துக்கிட்டே உலக சாம்பியனை சோர வச்சாரு. ராய்ஸ் அந்தக் கட்டடத்துலயே இல்ல, ஆனா அந்த ஃபைட்ல அவரு இருந்தாருன்னு நான் சொல்வேன்.

ராணுவத்துலயும் இதே கதை. 1995 வாக்குல அமெரிக்க ரேஞ்சர் வீரர்கள் டாரன்ஸ்ல கிரேசிங்ககிட்ட வந்து கத்துக்கிட்டுப் போனாங்க, பின்னாடி அமெரிக்க ராணுவத்தோட கைச்சண்டைப் பயிற்சிக்கே அதுதான் அடிப்படையா ஆச்சு.

டோக்கியோ டோம், 2000 மே 1

கஜுஷி சகுராபா. கல்லூரில மல்யுத்தம், அப்பறம் ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங், பில்லி ராபின்சன்கிட்ட பழைய கேட்ச் மல்யுத்தப் பிடிகள். 1997ல ஜப்பான்ல நடந்த யூஎஃப்சில ஹெவிவெய்ட் போட்டியை ஜெயிச்சாரு, உடம்பைப் பாத்தா ஹெவிவெய்ட்னு யாரும் சொல்ல மாட்டாங்க. 1999 நவம்பர்ல ராய்ஸோட அண்ணன் ராய்லரை கிமுராப் பிடில மாட்டி வச்சாரு, ராய்லர் தட்டல, ரெஃப்ரியே நிறுத்திட்டாரு. குடும்பம் கொதிச்சுது, தட்டாத ஆளு எப்படி தோத்ததா ஆகும்னு. அதனால ப்ரைட் கிராண்ட் ப்ரீங்கற ஜப்பான் போட்டில ராய்ஸ் சகுராபாவோட மோதற நேரம் வந்தப்போ கிரேசிங்க கண்டிஷன் போட்டாங்க: ரெஃப்ரி நிறுத்தக் கூடாது, 15 நிமிஷ ரவுண்டு எத்தனை வேணா போகலாம், ஒருத்தர் தட்டணும் இல்லன்னா டவல் விழணும். சகுராபா சரின்னுட்டாரு, அதே ராத்திரி ஜெயிச்சா இன்னொரு ஃபைட் இருக்குன்னு தெரிஞ்சும்.

90 நிமிஷம் நடந்துச்சு. ஆறு ரவுண்டு. முதல் ரவுண்டு கடைசில சகுராபா முழங்காலைப் பிடிச்சு நீட்டி கிட்டத்தட்ட முடிச்சிருப்பாரு, மணி காப்பாத்துச்சு. அதுக்கு அப்பறம் ராய்ஸ் கீழ படுத்து வாடான்னு கூப்பிட்டா சகுராபா போகல, நின்னுக்கிட்டு தொடைல உதைச்சாரு, டிரெஸ்ஸைப் பிடிச்சு அதையே கயிறா வச்சு ஆளை இழுத்து ஆட்டினாரு, மேலேர்ந்து தாவி அடிச்சாரு. ஆயுதமா இருந்த ஜூடோ டிரெஸ் அன்னைக்கு விலங்கா மாறிடுச்சு. ஆறாவது ரவுண்டு முடிஞ்சப்போ ராய்ஸால நிக்கவே முடியல, தொடை அவ்வளவு அடி வாங்கியிருந்துச்சு, அண்ணன் ரோரியன் பக்கத்துலேர்ந்து டவல் விழுந்துச்சு. ராய்ஸ் தட்டல. 1951ல அப்பாவும் தட்டல.

சகுராபா அதுக்கு அப்பறம் போயி இகோர் வோவ்சான்சினோட 15 நிமிஷம் நின்னாரு, அதை நினைச்சாலே எனக்கு இன்னைக்கும் மலைப்பா இருக்கு. அந்த வருஷமே ஆகஸ்ட்ல ரென்ஸோ கிரேசியோட முழங்கையை அதே கிமுராப் பிடில உடைச்சாரு, டிசம்பர்ல ரயன் கிரேசியையும் ஜெயிச்சாரு. அன்னைக்கு சகுராபா ராய்ஸை விட நல்ல ஃபைட்டர், இதுல வாதமே இல்ல. அதை வச்சு முன்னோடிப் பட்டத்தையும் சகுராபாவுக்குக் குடுக்கணும்னு சொல்றவங்ககிட்ட மட்டும்தான் நான் ஒத்துப் போகல. சகுராபா அந்த 90 நிமிஷமும் பண்ணது என்ன? கீழ இறங்காம இருந்தது, இறங்கினா எப்போ எப்படின்னு அளந்து இறங்கினது, காலைத் தள்ளி உள்ள போற வழியைக் கண்டுபிடிச்சது. அது முழுக்க ராய்ஸ் போட்ட கேள்விக்கு எழுதின விடைதான். எழுதினதுல அதைவிட அழகான விடை கிடையாது, அதையும் சொல்லிடறேன்.

எதிர்வாதம் வேறயும் இருக்கு. ரோரியனே போட்டி நடத்தின பங்குதாரர், எதிராளிங்களைத் தேர்வு பண்ணதுல வசதி இருந்துச்சுன்னு ஒண்ணு. நியாயமான கேள்வி. முதல் போட்டில நல்ல மல்யுத்தக்காரர் ஒருத்தர் கூட இல்ல, அது உண்மை. ஆனா நாலாவது போட்டில செவர்ன் வந்தாரு, கென் ரெண்டு தடவை வந்தாரு, வசதி பாத்த ஆளு இவங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க. ரிக்ஸன் இன்னும் திறமைசாலிங்கறது இன்னொண்ணு, இருக்கலாம், ஆனா டென்வர்லயும் டல்சாலயும் கூண்டுக்குள்ள போனது ராய்ஸ். பான்க்ரேஸ் யூஎஃப்சிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே, 1993 செப்டம்பர்லயே தொடங்கிடுச்சு, ஷூட்டோ அதுக்கும் முன்னாடி, பிரேசில்ல வாலே டூடோ பல பத்து வருஷமா இருக்குன்னு வரலாறு தெரிஞ்சவங்க சொல்வாங்க, ரொம்ப சரி. ராய்ஸ் எதையும் கண்டுபிடிக்கல. அந்த மூணு இடத்துலயும் இருந்த அறிவு அந்தந்த ஊரோட நின்னுது, எல்லா கலைக்காரனும் தன்னோட ஜிம்முல போயி தலையை சொறிஞ்சுக்கிட்டு நம்ம இதுக்கு என்ன பண்றதுன்னு கேட்டது டென்வருக்கு அப்பறம்தான்.

எனக்கு நிஜமா உறுத்தறது வேற ஒண்ணு. 2007 ஜூன்ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல சகுராபாவோட மறுபடி மோதி ராய்ஸ் ஜட்ஜ் முடிவுல ஜெயிச்சாரு, அப்பறம் நான்ட்ரோலோன்ங்கற ஸ்டீராய்டு ஊக்கமருந்து டெஸ்ட்ல பாசிடிவ்னு கலிஃபோர்னியா கமிஷன் சொல்லி அபராதமும் தடையும் போட்டுச்சு. ராய்ஸ் மறுத்தாரு. உடம்பு இல்ல, கலைதான் ஜெயிக்கும்னு சொல்லி தேர்ந்தெடுத்த ஆளு பேருக்குப் பக்கத்துல அந்த வார்த்தை வர்றது அவரை நேசிக்கிறவங்களுக்கு வலிக்கத்தான் செய்யும், அதை விட்டுட்டு இந்தக் கேஸை எழுதினா நேர்மை இல்ல. அப்போ அவருக்கு 40 வயசு. 1993, 94 ஃபைட்ஸை அது தொடாதுங்கறது என் எண்ணம், அந்த ரீமேட்சை நான் அவரோட வெற்றிக் கணக்குல சேக்கறதில்ல.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2006 மே 27, யூஎஃப்சிக்கு 11 வருஷம் கழிச்சு திரும்பி வந்தாரு. எதிர்ல மேட் ஹ்யூஸ், வெல்டர்வெய்ட் சாம்பியன், இல்லினாய்ஸ் விவசாயக் குடும்பம், மல்யுத்தத்துலேர்ந்து வந்தவரு. அதாவது டான் செவர்னோட அதே பள்ளி. ஆனா இந்த மல்யுத்தக்காரருக்கு மேல போனதும் என்ன பண்ணணும்னு தெரியும். ராய்ஸோட கால்களைத் தாண்டி பக்கவாட்டுல போயி, கையை நேரா நீட்டிப் பூட்டினாரு, மூட்டு தப்பான திசைல வளையறது திரைல தெரியுது, ராய்ஸ் தட்டல, முகத்துல ஒண்ணும் காட்டல. ஹ்யூஸ் அதை விட்டுட்டு முதுகுக்குப் போயி குத்தி முடிச்சாரு, 4 நிமிஷம் 39 செகண்டு. முதுகுக்குப் போறது, கையைப் பூட்டறது, எல்லாமே கிரேசி பாடம். டென்வர்ல அந்தக் குடும்பத்துக்கு வெளில கென் மாதிரி ஒண்ணு ரெண்டு பேருக்குத் தெரிஞ்சது 13 வருஷத்துல ஒரு கிராமத்து மல்யுத்தப் பையனுக்கு கைவந்த கலையா மாறியிருக்கு, அதை அவன் ராய்ஸ் மேலயே செஞ்சு காட்டறான். 2003லயே யூஎஃப்சி ஹால் ஆஃப் ஃபேம்ல கென்கூட முதல் ஆளா ராய்ஸை சேத்தாங்க, ஆனா அவரை ஏன் சேக்கணும்ங்கறதுக்கு எனக்கு அந்த 4 நிமிஷம் 39 செகண்டுதான் பெரிய சாட்சி.

புதுசா பாக்கறவங்க முதல் யூஎஃப்சிலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, செவர்ன் ஃபைட்டை முழுசா, ஓட்டாம பாருங்க. மேல இருக்கறவரை விட்டுட்டு ராய்ஸோட பாதம் எங்க இருக்குன்னு மட்டும் கவனிங்க. அடுத்து மாரிஸ் ஸ்மித், கோல்மன். அதுக்கு அப்பறம் நேரம் ஒதுக்கி சகுராபாவோட 90 நிமிஷம், அதுல இந்த தடவை சகுராபா எப்போ எல்லாம் கீழ போக மறுக்கறாருன்னு பாருங்க, ஹ்யூஸை கடைசியா வச்சுக்கோங்க.